பிள்ளையாருக்கு ஒரு மண்டலம்

அந்த வீடியோவக் கொஞ்சம் நிறுத்திருதியாம்மா? கோவிச்சுக்காத. சத்தம் ஒண்ணும் தொந்தரவு இல்ல. அந்த யானைதான். ஆப்பிரிக்கா யானைலா அது? காதப் பாத்தாலே தெரிஞ்சிரும். நம்ம யானைக்கு மொறம் அளவு காதுன்னா அதுக்குக் கதவு அளவு காது. எனக்கு அதப் பாக்க முடியாது, அதான் சொன்னேன்.

நீ எதுவரைக்கும்? பஸ்ஸு போற கடைசி வரைக்குமா. சரி சரி. நான் ஆலங்குளத்துல எறங்கிருவேன்.

என்ன அப்படிப் பாக்க? இவ ஆப்பிரிக்கா யானைய எங்க கண்டான்னா? நாலு மாசம் அங்கனயே இருந்துட்டு வந்தவ தாயி நான். சாம்பியா. கேள்விப்பட்டிருக்கியா? நானும் கேள்விப்பட்டதில்ல. எம்மவன் வேலைக்குப் போன பொறவுதான் அப்படி ஒரு நாடு இருக்குன்னே எங்க தெருவுக்குத் தெரியும்.

எம்மவன் பேரு சிவனணைஞ்சபெருமாள். அவன் தாத்தா பேரு அது. நான் பெருமாள்னுதான் கூப்பிடுவேன். கேட்டரிங் படிச்சான், துபாய்ல ரெண்டு வருஷம் இருந்தான், பொறவு அங்க போனான். பெரிய காடு. காட்டுக்குள்ள ஒரு ஆறு, ஆத்தங்கரையில ஒரு விடுதி. வெள்ளக்காரங்க மிருகம் பாக்க வந்து தங்குவாவ. அதுக்கு இவன்தான் மேனேஜர். ஏழு வருஷம். அவுக அப்பா செத்ததுக்கு வந்தவன், பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட பிளேன் ஏறிட்டான். என்னடா அவசரம்னு கேட்டா, அங்க யானை குட்டி போட்டிருக்கும்மாங்கான். தகப்பன் செத்த வீட்டுல பேசுற பேச்சா அது?

வயசு முப்பத்திநாலு ஆயிட்டு. பொண்ணு பாக்கவான்னு கேட்டா, பாப்போம்மாம்பான். நாலு வருஷம் பாப்போம்மாவே ஓடிட்டு. நீ வரலைன்னா நான் வாரேம்லன்னு ஆடி பொறந்ததும் கெளம்பிட்டேன். ஒரு சரின்னு சொல்ல வைக்காம திரும்ப மாட்டேன்னு எங்க தெருவுல நாலு பேருகிட்ட சபதமே போட்டுட்டுத்தான் போனேன்.

காடு எப்படி இருந்துச்சுன்னு எல்லாரும் கேக்காவ. என்னத்தச் சொல்ல? நான் போனப்ப மழையத்த காலம். ஆறு வத்திப் போயி அங்கங்க குட்டையா நிக்கி. குட்டையில நீர்யானை, நம்மூரு குளத்துல எருமை கெடக்க மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கும். கரையெல்லாம் பொந்து, பொந்துக்குள்ள செக்கச்செவேல்னு குருவி. மானு ஆயிரக்கணக்குல நிக்கும், ஒரு நாள் பாக்கலாம், தெனமுமா பாக்க? சிங்கம் காட்டுதேன்னு ஜீப்புல ரெண்டு மணி நேரம் கூட்டிட்டுப் போனான். அது படுத்துத் தூங்குது. நம்ம தெரு நாயும் அப்படித்தான் தூங்குது.

யானைதான் எனக்குப் பிடிச்சது. பொய் சொல்ல மாட்டேன். அங்கன ஒரு மரம் உண்டு, அதோட காயி நம்ம கொடுக்காப்புளி மாதிரி சுருண்டுருக்கும். யானை அடிமரத்துல நெத்தியக் குடுத்து ஒரு உலுக்கு உலுக்கும் பாரு, பொலபொலன்னு கொட்டும். பொறவு ஒண்ணொண்ணாப் பொறுக்கித் திங்கும், அவசரமே கெடையாது. பெருமாளுக்கு எல்லா யானையையும் தெரியும். காதுல இருக்க கிழிசல வச்சே இது இன்னாரு மவன், இது இன்னாரு தங்கச்சின்னு சொல்லிருவான். எங்க சொந்தக்காரங்கள்ல பாதிப் பேரு பேரு அவனுக்குத் தெரியாது.

மொத நாளே என்னைய உக்கார வச்சு சொன்னான். "எம்மா, இங்க எந்த மிருகத்துக்கும் ஒரு பருக்கை குடுக்கப்படாது. பழக்கிட்டோம்னா அது ஆளத் தேடி வரும். ஆளத் தேடி வர்ற யானைய சர்க்காரு ஆளு வந்து சுட்டுருவான். அதோட உசுரு நம்ம கையில இருக்கும்மா"ன்னான். சரிப்பான்னேன். வேற என்ன சொல்ல?

ஆனா ஒண்ணு சொல்லு தாயி. யானை வீட்டு வாசல்ல வந்து நின்னா வெறுங்கையோட அனுப்புறது எந்த ஊரு நியாயம்? நம்மூருல கோயில் யானை தெருவுல வந்தா ஒரு பழமாவது குடுக்காம விடுவோமா? பிள்ளைகள அது வயித்துக்குக் கீழ விட்டு எடுப்போம். நமக்கு அது பழக்கமா, பாவமா?

அடுப்படியில சாக்காலான்னு ஒருத்தன் வேல பாத்தான். நாப்பது வயசு இருக்கும், அஞ்சு பிள்ளைக. காட்டுக்கு வெளிய அவன் கிராமம், தெனமும் சைக்கிள்ல வருவான், வரும்போதே சந்தையில காய்கறி வாங்கிட்டு வந்துருவான். என்னைய அமாய்னு கூப்பிடுவான். அவங்க பாஷையில அம்மாவ அப்படித்தான் சொல்லணுமாம். தங்கமான மனுஷன். எனக்குத் தோச சுட்டு அவனுக்கும் ரெண்டு போட்டா, தரையில முட்டி போட்டு, ரெண்டு கையவும் குவிச்சு மெல்லத் தட்டிட்டு வாங்குவான். மரியாதைக்கு அப்படிச் செய்யணுமாம். எம்மவன் எனக்கு அப்படியா செய்தான்?

ஆவணியில பிள்ளையார் சதுர்த்தி வந்துச்சு. ஊருலருந்து கொண்டு போன கருப்பட்டியப் போட்டு கொழுக்கட்டை அவிச்சேன். இருவத்தொண்ண எண்ணி வாழையெலையில வச்சுட்டுத் திரும்புறேன், அடுப்படிக்குப் பின்னால தண்ணி டேங்கு பக்கத்துல நிக்கி தாயி. எளவட்ட ஆம்பள யானை. ஒரு கொம்பு முழுசா இருக்கு, இன்னொண்ணு பாதியில ஒடஞ்சு கெடக்கு. ஒடஞ்ச கொம்பு யாருக்கு? நீயே சொல்லு. சதுர்த்தி அன்னிக்கு, கொழுக்கட்டை வாசத்துக்கு, ஒத்தக் கொம்போட வந்து நிக்கி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்பனே வந்துட்டியான்னு அப்படியே எலையோட கொண்டு போயி வச்சேன். சாக்காலா உள்ளருந்து அமாய், அமாய்னு தலையிலடிச்சுக்கிட்டான். நான் கேக்கல.

தின்னு முடிச்சிட்டு தும்பிக்கைய நீட்டி என் உச்சந்தலையில வச்சுது. யாரு பழக்குனா? எந்தப் பாகன் சொல்லிக் குடுத்தான்? தானா வச்சுது. அங்கனயே வேண்டிக்கிட்டேன். எம்மவனுக்கு ஒரு கல்யாணம் நடக்கணும், ஊரு வந்து சேரணும், ஒரு மண்டலம் உனக்குப் பழம் தாரேன் சாமின்னு. நாப்பத்தெட்டு நாளு. வேண்டுதல வெளிய சொல்லப்படாதுல்லா, அதான் பெருமாள்கிட்ட சொல்லல. மறைக்கணும்னு மறைக்கல.

சாக்காலாகிட்ட வாழைப்பழம்னு படம் வரைஞ்சு காட்டுவேன், வாங்கிட்டு வருவான். சாமிக்குன்னு கைகூப்பிக் காட்டுவேன். எந்தச் சாமிக்குன்னு அவனுக்குத் தெரியும். வேண்டாம்னு தலைய ஆட்டுவான். அமாய் சொன்னா தட்ட முடியுமா அவனால? பெருமாள் காலையில ஆளுங்களக் கூட்டிட்டு ஜீப்புல போனான்னா வர பத்து மணி ஆவும். அதுக்குள்ள பிள்ளையாரு வந்து, தின்னுட்டு, தலையில கைய வச்சுட்டுப் போயிருவாரு.

பலிக்கலைன்னு மட்டும் சொல்லிராத. பன்னெண்டாம் நாளு அம்பாசமுத்திரத்துலருந்து போனு. டீச்சர் பொண்ணு, ஒரே மவ, சாதகம் பத்துக்கு எட்டுப் பொருத்தம். பெருமாள்கிட்ட போட்டோவக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்தான். "சரிம்மா, தையில லீவு போட்டு வாரேன், பேசுவோம்"னான். என் காதால கேட்டேன் தாயி. நாலு வருஷத்துல மொத சரி. அன்னிக்கு ரெண்டு சீப்பு பழம் சேத்துப் போட்டேன்.

நாப்பதாம் நாளு ஒரு கூத்து. யானை நேரங்கெட்ட நேரத்துல வந்து ஸ்டோர் ரூம் கதவ முட்டி ஒடச்சிட்டு. பழம் அங்கதான் இருக்குன்னு அதுக்குத் தெரியாதா பின்ன? பெருமாள் வேலைக்காரங்க அத்தன பேரயும் வரிசையா நிக்க வச்சான். அவன் மூஞ்சிய நான் அப்படிப் பாத்ததே இல்ல. யாரு இதுக்குத் திங்கக் குடுக்கதுன்னு இங்கிலீசுல கேக்கான். சாக்காலா என்னைய ஒரு பார்வை பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டான். சந்தையில விசாரிச்சிருக்கான் போல பெருமாள், தெனம் நீதான பழம் வாங்குதேங்கான். அவன் வாயே தெறக்கல. "இன்னொரு தடவ இந்த யானைக்கு ஒரு பழம் போச்சுன்னா உன் வேலை போயிரும், அஞ்சு பிள்ளைகள நெனச்சுக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனான்.

நான் தோச மாவ வச்சுக்கிட்டு வாசப்படியிலதான் நின்னேன். வாய் வரைக்கும் வந்துச்சு தாயி. சத்தியமா வந்துச்சு. ஆனா எட்டே நாள்தான் பாக்கி. அதுல வாயத் தெறந்தா நாப்பது நாளும் வீணுல்லா? அந்த அம்பாசமுத்திரத்துப் பொண்ணு கைநழுவிப் போயிருச்சுன்னா? அன்னிக்கு சாக்காலாவுக்கு நெய் ஊத்தி சோறு போட்டேன். முட்டி போட்டுக் கையத் தட்டிட்டு வாங்கிக்கிட்டான். கோவமே இல்ல அவனுக்கு. இருந்தாக் காட்டியிருப்பான்லா?

அதுக்குப் பொறவு அவன் பழம் வாங்க மாட்டேன்னுட்டான். பரவாயில்லன்னு விருந்தாளிங்க கூடையிலருந்து ஆரஞ்சா நானே எடுத்துப் போட்டேன். நாப்பத்தெட்டாம் நாளு சூடம் ஏத்தி, வேண்டுதல் முடிஞ்சுது சாமி, போயிட்டு வான்னு கும்பிட்டு அனுப்பி வச்சேன். ஒரு கொறையும் வைக்கல. மறுநாள் எண்ணெ தேச்சுக் குளிச்சேன். மனசு லேசா இருந்துச்சு.

ஆனா யானை அன்னிக்கும் வந்துச்சு. டேங்கு பக்கத்துல நின்னு நின்னு பாத்துச்சு. அதுக்கு மறுநாளும் வந்து சொவத்த முட்டுச்சு. நான் வெளிய போகல. நாப்பத்தெட்டுன்னா நாப்பத்தெட்டுதான? கணக்கு முடிஞ்ச பொறவு வந்தா அது யாரு தப்பு?

மூணாம் நாளு காலையில சாக்காலா சைக்கிள்ல வாரான். பின்னால ஒரு சாக்கு, அன்னிக்கு விருந்தாளிங்க நெறைய, ஆரஞ்சு வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தாவ. யானைக்கு வாசம் போயிட்டு. நான் ஜன்னல் வழியா பாக்கேன். நேரா அவன்கிட்ட போகுது. ஓடியிருக்கலாம் தாயி. சாக்கப் போட்டுட்டு ஓடியிருந்தா அது பாட்டுக்குப் பழத்தத் தின்னுட்டு நின்னிருக்கும். இவன் என்ன செஞ்சான் தெரியுமா? சைக்கிளப் போட்டுட்டு சாக்க எடுத்து நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். போ போன்னு கத்துதான், சாக்க மட்டும் விட மாட்டேங்கான். முட்டாப்பய. ஒரு சாக்குப் பழத்துக்காக எவனாவது உசுர விடுவானா? எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல.

பொறவு நடந்ததச் சொல்ல மாட்டேன். நீ சின்னப் பொண்ணு.

மறுநாள் சர்க்காரு ஆளு ரெண்டு பேரு துப்பாக்கியோட வந்தாவ. பெருமாள் ராத்திரி பூரா தூங்கல, கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. அந்த யானை ஆத்தத் தாண்டிப் போயிட்டுன்னு இங்கிலீசுல சொன்னான். அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீசு வெளங்கும். பொய்தான் சொன்னான். அது பொதருக்குள்ளதான் நின்னுச்சு, எனக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா? அது தாய் பின்னால குட்டியாத் திரிஞ்ச நாளுலருந்து பாத்தவன் அவன். அவுக அப்பா காரியத்துக்கு வந்தப்ப அவசரமா ஓடுனானே, அது இதோட தாய் போட்ட அடுத்த குட்டியப் பாக்கத்தானாம்.

எனக்குப் பயம் வந்துட்டு. இவங்க எங்கயாவது கண்டுட்டு, கொலகார யானைன்னு சுட்டுட்டா? அது சாதுன்னு ஒரு தடவ கண்ணால பாத்துட்டா விட்டுருவாவல்லா? நல்லதுக்குத்தான் நெனச்சேன். ஆரஞ்சு நாலஞ்ச மடியில கட்டிக்கிட்டு டேங்கு பக்கம் போயி, வா சாமி, வான்னு கூப்பிட்டேன். வந்துச்சு. மூணு நாளா வராதவ வந்துட்டாளேன்னு காத ஆட்டிக்கிட்டு ஓடியே வந்துச்சு. பழத்தக்கூட வாங்கல. மொதல்ல தலையில தும்பிக்கைய வச்சுது. சூடா மூச்சு விடுது என் உச்சியில. நான் அந்த ஆளுங்க பக்கம் திரும்பி, பாத்தீங்களாய்யான்னு சிரிக்கேன்.

அவங்க வேற மாதிரி பாத்திருக்காங்க. பொம்பளையத் தும்பிக்கையில பிடிச்சிட்டுன்னு நெனச்சுட்டாவ. ரெண்டு வெடி. என் காது ரெண்டும் அடச்சுப் போச்சு. முன்னங்கால் மடங்கி அப்படியே உக்காந்துட்டு. உக்காந்து என்னையவே பாக்குது. நான் போட்ட கூப்பாடு ஆத்துக்கு அந்தக் கரைக்குக் கேட்டிருக்கும்.

பெருமாள் ஓடி வந்தான். என் மடி அவுந்து தரையில ஆரஞ்சு உருளுது. அதப் பாத்தான். என்னையப் பாத்தான். அடிச்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். அந்த ஆளுங்க கிட்ட வாரதுக்குள்ள ஒவ்வொரு பழமாப் பொறுக்கித் தன் பாண்ட் பையில போட்டுக்கிட்டான்.

காயிதத்துல அவன்தான் எழுதிக் குடுத்தான். சாக்காலா யானைக்குப் பழம் போட்டுப் பழக்கிட்டான், அதனால வந்த வினை, எங்கம்மா தெரியாம வெளிய வந்துட்டாவன்னு. உண்மை தெரிஞ்சா என்னைய உள்ள வச்சிருவாங்களாம். தாயக் காப்பாத்துன பிள்ள. நான் பெத்தது வீண் போகல. கிராமத்து ஆளுங்க கத்தியும் வாளியுமா வந்து யானைக் கறிய எடுத்துட்டுப் போனாவ. நான் ஜன்னல அடைச்சுட்டேன்.

நாலாம் நாளு எனக்கு பிளேனு. ஜீப்புல ஏறப் போறேன், சாக்காலா பொண்டாட்டி வாரா. எஸ்நாத்னு பேரு. எடுப்புல ஒரு பிள்ள, கையில ஒரு பிள்ள. வந்து என் முன்னால முட்டி போட்டு உக்காந்து, கையக் குவிச்சுத் தட்டிக்கிட்டே என்னமோ சொல்லுதா. பெருமாள்தான் தமிழ்ல சொன்னான். "எம்புருஷன் செஞ்ச தப்பால அமாய் உசுருக்கு ஆபத்து வந்துட்டு, மன்னிச்சுக்கிடணும்னு சொல்லுதாம்மா"ன்னான். சொல்லிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கான். அவளும் கையத் தட்டிக்கிட்டே இருக்கா.

நான் பெருந்தன்மையாத்தான் சொன்னேன். நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கிடலன்னு சொல்லுப்பா, நல்லா இருக்கட்டும்னு. தப்பாவா சொன்னேன்?

அவன் அத அவகிட்ட சொல்லவே இல்ல. அவ முன்னால அவனும் முட்டி போட்டான். அவள மாதிரியே கையக் குவிச்சுத் தட்டுனான். என்னமோ சொன்னான், திருப்பித் திருப்பி ஒரே வார்த்தையச் சொன்னான். அவ தட்டுறத நிறுத்திட்டா. எந்திரிச்சு என்னைய ஒரு தடவ பாத்தா. திட்டல, மண்ண வாரித் தூத்தல. பிள்ளைய எடுப்புல ஏத்திக்கிட்டு நடந்து போயிட்டா. பெருமாள் எந்திரிக்கல. டிரைவரு ஜீப்ப எடுத்துட்டான்.

வருஷம் ஒண்ணாச்சு. போன எடுக்க மாட்டேங்கான். அங்கன டவுன்ல ஒரு வள்ளியூர்க்காரரு இருக்காரு, அவருதான் விவரம் சொன்னாரு. நான் ஊரு வந்த மறுவாரமே இவன் தானாப் போயி, மொத எழுதிக் குடுத்தது பொய், யானைக்குப் பழம் போட்டது சாக்காலா இல்ல, நான்தான்னு எழுதிக் குடுத்துட்டானாம். வேலை போச்சு, கேஸ் நடக்கு, பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாவ. அம்பாசமுத்திரத்துப் பொண்ணுக்கு வைகாசியில வேற எடத்துல முடிஞ்சிட்டு. எனக்கு இருக்கது ஒத்த மவன் தாயி. செய்யாத தப்ப எதுக்கு அவன் தலையில தூக்கிப் போட்டுக்கிடணும்? யாரு கேட்டா?

இன்னிக்குத் திங்கக்கெழமலா, அதான் கலெக்டர் ஆபீசு வரைக்கும் போயி மனு குடுத்துட்டு வாரேன். மூணாவது மனு. எம்மவன் நிரபராதி, மீட்டுத் தாங்கய்யான்னு. மனு எழுதுற தம்பி நல்ல பையன், பொறுமையாக் கேட்டுக் கேட்டு எழுதுனான். எல்லாம் எழுதிட்டு, "பாட்டிம்மா, உங்க பிள்ள போடலைன்னா அப்ப யாருதான் அந்த யானைக்குப் பழம் போட்டது? அதையும் எழுதுனாத்தான் நிக்கும்"னு கேட்டான்.

என்ன செய்ய, பெத்த வயிறுல்லா? சாக்காலான்னு எழுதிக்கோப்பான்னேன். செத்தவனுக்கு இனிமே என்னம்மா கொறஞ்சிரப் போகுது?